பழைய சேலையில் பிள்ளைக்கு ஓர் ஒட்டுப் போர்வை: துணி தெரிவதிலிருந்து கரை கட்டுவது வரை

மாரி ஓய்ந்து தை வெயில் நிலைத்ததும் மட்டக்களப்பில் எந்த வளவை எட்டிப்பார்த்தாலும் கொடி நிறையத் துணிதான். மழைக்காலம் முழுக்க அலுமாரிக்குள் ஈரக்காற்று குடித்த சேலைகள் எல்லாம் வெளியே வரும். அவற்றில் உடுத்தவும் முடியாத, எறியவும் மனம் வராத பருத்திச் சேலைகள் சில எந்த வீட்டிலும் இருக்கும். அவற்றையும் பிள்ளைகளுக்குச் சிறுத்துப்போன சட்டைகளையும் அப்பாவின் பழைய சாரத்தையும் சதுரமாக வெட்டி, மூன்று அடுக்காக வைத்துத் தைப்பதுதான் இந்தப் போர்வை. நேர்கோட்டில் தைக்கத் தெரிந்தால் போதும்.

அயலில் பலருக்கு இதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தையல் வராமல் யாரும் நின்றுபோனதில்லை. கழுவுமுன் வெட்டுவது, பெரிய துண்டை எடுக்குமுன் சதுரம் வெட்டுவது, அடுக்கிப் பார்க்குமுன் தைப்பது என்று ஒழுங்கு மாறிப்போய்த்தான் பாதியில் விட்டிருக்கிறார்கள். அதனால் கீழே உள்ள ஒழுங்கை மாற்றாமல் செய்யுங்கள்.

1. காலமும் அளவும்

மாசி, பங்குனிதான் தொடங்க நல்ல காலம். கழுவிய துணி ஒரே பகலில் காய்ந்துவிடும், காற்றில் ஈரமும் குறைவு. அப்போது தொடங்கினால் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் பிள்ளைகள் வீட்டில் நிற்கும்போது கையால் தைக்கும் வேலைக்கு வந்திருப்பீர்கள். அவர்களுக்கு மிகப் பிடிப்பது அந்த வேலைதான்.

முதல் போர்வையைப் பெரிதாக நினைக்காதீர்கள். குறுக்கே 6 சதுரம், நெடுக்கே 8 சதுரம், மொத்தம் 48. ஒவ்வொரு சதுரத்தையும் 7 அங்குலத்துக்கு வெட்டி, சுற்றிவர அரை அங்குலம் தையலுக்கு விட்டால், தைத்தபின் 6 அங்குலம் நிற்கும். போர்வை 36க்கு 48 அங்குலம் அளவில் வரும். பத்து வயது வரையான பிள்ளை பகலில் சாய்ந்து படுக்க இது தாராளம். இதைவிடப் பெரிதானால் மூன்று அடுக்கையும் மெஷினுக்குக் கீழே சுருட்டித் தள்ளுவது புதியவருக்குக் கஷ்டம்.

அரை அங்குலத் தையல் விளிம்பு கொஞ்சம் கூடத்தான். ஆனால் நம் கையில் இருப்பது கைத்தறியும் நைந்த பருத்தியும். கால் அங்குலம் மட்டும் விட்டால் நாலைந்து கழுவலில் நூல் பிரிந்து தையல் வாய் திறந்துவிடும்.

2. முன்கூட்டியே எடுத்துவைக்க வேண்டியவை

தையல் மெஷின் வேண்டும். கால் மெஷின் என்றால் இன்னும் நல்லது, மின்சாரம் போனாலும் வேலை நிற்காது. மெஷின் ஊசியில் 11ஆம் இலக்கமும் 14ஆம் இலக்கமும் வாங்குங்கள். சதுரங்களை இணைக்க 11, மூன்று அடுக்குக்கு 14. தடித்த ஊசியால் மெல்லிய சேலையைத் தைத்தால் தையல் நெடுக ஓட்டை தெரியும்.

வெள்ளை அல்லது சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய நூற்கட்டை, கைத்தையல் ஊசிகள், குண்டூசி, விரலுறை, அளவு நாடா, அடிமட்டம், துணிக்கென்றே ஒதுக்கிய ஒரு கத்தரிக்கோல் எடுத்துவையுங்கள். அந்தக் கத்தரிக்கோலைக் கடதாசி வெட்டப் பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம், கூர் போய்விடும். கோடு போட, தேய்ந்துபோன சவர்க்காரத் துண்டை விடச் சிறந்தது எதுவும் இல்லை. இருட்டு நிறத்தில் நன்றாகத் தெரியும், கழுவினால் போய்விடும். வெளிர் நிறத் துணிக்குப் பென்சில்.

ஒரு காந்தமும் தேடிவையுங்கள். பழுதான வானொலிப் பெட்டியின் ஸ்பீக்கரில் இருப்பதே போதும். பிள்ளைகள் உள்ள வீட்டில் ஊசி விழுந்தால் கையால் தடவித் தேடக் கூடாது.

3. துணி தெரிதல்

இந்தக் கட்டத்தில் மனம் உறுதியாக இருக்க வேண்டும். நினைவுக்காக ஒரு துணியைச் சேர்க்க ஆசைப்படுவோம். அது நைந்துபோயிருந்தால் முழுப் போர்வையும் அந்த இடத்தில்தான் முதலில் கிழியும்.

சோதிக்க ஒரு வழி. துணியை இரண்டு பெருவிரலுக்கும் நடுவில் பிடித்து நன்றாக இழுங்கள். இழை விலகி வெளிச்சம் தெரிந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். சேலையில் உட்காரும் இடமும் கால்பக்கக் கரையும்தான் முதலில் நையும். கொசுவத்துக்குள் மடிந்து கிடந்த பகுதி நல்லபடி இருக்கும். அதனால் சேலை நைந்துவிட்டது என்று முழுதாகக் கழிக்காமல் இடம் பார்த்து எடுங்கள்.

பருத்தி மட்டும். நைலோன், ஜோர்ஜெட், பொலியெஸ்டர் வேண்டாம். நம் வெயிலுக்கு அவை வியர்வையை உறிஞ்சாது, சூடான அயன் பட்டால் உருகிச் சுருங்கும். எது பருத்தி என்று தெரியவில்லையா? துணியின் ஓரத்தில் இரண்டு நூல் உருவிப் பிள்ளைகள் இல்லாத இடத்தில் கொளுத்திப் பாருங்கள். பருத்தி கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகி முனையில் கட்டியான ஒரு மணி நிற்கும். இரண்டும் கலந்த துணியில் சாம்பலும் கட்டியும் சேர்ந்து வரும். பாடசாலைச் சீருடைகளை இப்படிச் சோதித்துவிட்டே சேருங்கள், பல கலப்புத் துணியாக இருக்கும்.

துணி போதாவிட்டால் தையற்காரரிடம் வெட்டுத்துண்டு கேளுங்கள். மருதமுனைக் கைத்தறியில் வெட்டி மிஞ்சிய துண்டு கிடைத்தால் விடாதீர்கள். நெசவு நெருக்கமாக, வெட்டும்போது வழுக்காமல் நிற்கும், நிறமும் எடுப்பாக இருக்கும். ஆனால் புதுத் துணியைப் பழைய சேலையோடு சேர்க்குமுன் அடுத்த படியைத் தவறாமல் செய்ய வேண்டும்.

நிறத்துக்கு ஒரே ஒரு விதி: பாதி வெளிர், பாதி இருட்டு. 24 வெளிர் சதுரமும் 24 இருட்டுச் சதுரமும் மாறி மாறி வரும். பூப் போட்டது, கோடு போட்டது, வெறும் நிறம் எல்லாம் கலக்கலாம். வெளிர் இருட்டு வேறுபாடு இருந்தால் எந்த நிறமும் எந்த நிறத்தோடும் சேரும். துணிகளை வெளிர் ஒரு குவியல், இருட்டு ஒரு குவியல் என்று பிரிக்கும் வேலையை நான்கைந்து வயதுப் பிள்ளையிடம் கொடுங்கள். பெரியவர்களைவிடத் திருத்தமாகப் பிரிப்பார்கள், ஏனென்றால் எந்தச் சேலை யாருடையது என்ற நினைப்பு அவர்களுக்கு இல்லை.

4. கழுவல், சாயச் சோதனை, கஞ்சி

எல்லாத் துணியையும் வெட்டுவதற்கு முன்பே கழுவ வேண்டும். பழைய சேலை சுருங்க வேண்டிய அளவு சுருங்கி முடிந்தது. புதுத் துண்டு இன்னும் சுருங்கவில்லை. இரண்டையும் அப்படியே இணைத்தால் முதல் கழுவலிலேயே புதுச் சதுரம் சுருங்கி, பக்கத்துப் பழைய சதுரத்தை இழுத்துச் சுருக்கம் விழுத்தும். பிறகு அயன் பண்ணியும் போகாது.

சிறிய துண்டுகளைத் தலையணை உறைக்குள் போட்டு வாயைக் கட்டிக் கழுவுங்கள். வெறுமனே அலசினால் நூல் பிரிந்து ஒன்றோடொன்று சிக்கிவிடும். வாவிக்கரைப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் கடைசி அலசலுக்காவது நல்ல தண்ணீர் எடுங்கள். உவர்த் தண்ணீரில் சவர்க்காரம் முழுதாகப் போகாது, துணி காய்ந்ததும் விறைப்பாக நிற்கும்.

சிவப்பு, கருநீலம், கத்தரிப்பூ நிறங்களுக்குச் சாயச் சோதனை கட்டாயம். நனைந்த துணியை ஒரு வெள்ளைத் துண்டுக்கு மேல் வைத்து, அதன்மேல் பாரமாக எதையாவது வைத்து விட்டுவிடுங்கள். வெள்ளையில் நிறம் இறங்கியிருந்தால் மறுபடி கழுவுங்கள். மூன்று நான்கு கழுவலுக்குப் பிறகும் இறங்கினால் அந்தத் துணி இந்தப் போர்வைக்கு ஆகாது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று மாமிமார் சொல்வார்கள். கடைத்துணியின் சாயத்தை உப்பு பிடித்துவைக்காது. நம்பித் தைத்தவர்களின் வெள்ளைச் சதுரங்கள் எல்லாம் ரோஸ் நிறமானதை நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது கஞ்சி. பழைய சேலை தண்ணீர்போல வழுக்கும். கத்தரிக்கோல் வைத்தால் நகரும், கோடு போட்டால் சுருளும். சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டு நன்றாகக் கரைத்து, துணியில் வடிகட்டி, சேலையை அதில் நனைத்துப் பிழிந்து காயப்போடுங்கள். வடிகட்டாவிட்டால் பருக்கை அயனில் ஒட்டிக் கருகும். முழுதாகக் காயுமுன், கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே அயன் பண்ணிவிடுங்கள். துணி மட்டைபோல நிற்கும்.

ஒன்று மட்டும். கஞ்சி போட்ட துணியை மாதக்கணக்கில் மடித்துவைக்காதீர்கள், கரப்பான் கடித்துவிடும். கஞ்சி போட்டால் அந்த வாரமே வெட்டிவிட வேண்டும்.

5. வெட்டுதல்: பெரிய துண்டு முதலில், சதுரம் கடைசியில்

ஆர்வத்தில் முதலில் சதுரங்களை வெட்டிவிடுவார்கள். கடைசியில் கரை கட்ட நீளத்துண்டு இல்லாமல், பத்துப் பன்னிரண்டு சிறு துண்டுகளை ஒட்டி ஒட்டிக் கட்ட வேண்டி வரும். அப்படிக் கட்டிய கரை ஒவ்வோர் ஒட்டிலும் புடைத்து நிற்கும்.

நல்ல நிலையில் உள்ள ஒரு சேலையை இதற்கென்று ஒதுக்குங்கள். ஐந்தரை யார் நீளம், 45 அங்குல அகலம் என்று வைத்துக்கொள்வோம். அதாவது நீளம் 198 அங்குலம்.

முதலில் இடுப்புப் பக்கக் கரையோரமாக, முழு நீளத்துக்கும் 3 அங்குல அகலத்தில் ஒரு பட்டி எடுங்கள். போர்வையைச் சுற்றிவர 172 அங்குலம், மூலைக்கும் முடிச்சுக்கும் இன்னும் 12 அங்குலம், ஆக 184 போதும். ஒட்டே இல்லாமல் ஒரே பட்டியாகக் கரை கட்டிவிடலாம். அந்தக் கரையில் சரிகை இருந்தால் விலக்கிவிட்டு உள்ளே இருந்து எடுங்கள், சரிகை பிள்ளையின் தோலை உரசும்.

மீதி 42 அங்குல அகலத்தில், 53 அங்குல நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டுங்கள். அது போர்வையின் அடிப்பக்கம். இன்னொரு 53 அங்குலம் வெட்டினால் அது நடு அடுக்கு. அப்பாவின் பழைய வேட்டி இருந்தால் நடு அடுக்குக்கு அதைவிட நல்லது இல்லை. இரண்டையும் 41க்கு 53 ஆகச் சரிசெய்துகொள்ளுங்கள். மேல் அடுக்கைவிட எல்லாப் பக்கமும் 2 அங்குலம் பெரிதாக இருக்கும், அது வேண்டும். மிஞ்சிய சேலையில் சதுரம் வெட்டலாம்.

நீளப் பட்டியைக் கத்தரிக்கோலால் வெட்டுவதைவிடக் கிழிப்பது நல்லது. ஓரத்தில் சின்னதாய் ஒரு வெட்டுப் போட்டு இரண்டு கையாலும் இழுத்தால் பருத்தி நூலோடு நேராகக் கிழியும். கிழிசல் கோணலாக ஓடினால் துணி நைந்துவிட்டது என்று அர்த்தம், வேறு சேலை எடுங்கள்.

இனிச் சதுரம். தடித்த மட்டையில் 7 அங்குலச் சதுரம் வெட்டி, மூலைக்கு மூலை அளந்து பாருங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவாக, 10 அங்குலத்துக்குச் சற்றே குறைவாக இருக்க வேண்டும். இருந்தால் மூலை சரி. இதேபோல நாலைந்து மட்டை வெட்டிவையுங்கள். கோடு போடப் போட மட்டையின் விளிம்பு தேயும், தேய்ந்த மட்டையில் வெட்டிய சதுரம் சிறுத்துக்கொண்டே போகும்.

மட்டையின் விளிம்பு பாவு நூலோடும் (நெடுக்கே ஓடுவது) ஊடை நூலோடும் (குறுக்கே ஓடுவது) நேராக நிற்க வேண்டும். துணி மிச்சம் பிடிக்க மட்டையைச் சரித்து வைத்தால் சதுரம் கிராஸில் வந்துவிடும். கிராஸில் வெட்டிய துணி இழுபடும், பிடிக்கும்போதே சாய்சதுரமாகிவிடும். ஏழெட்டு வயதுப் பிள்ளை மட்டை வைத்துக் கோடு போடட்டும். கத்தரிக்கோல் பெரியவர் கையில்.

இரண்டு மூன்று சதுரம் கூடுதலாக வெட்டிவையுங்கள், அடுக்கும்போது தேவைப்படும்.

6. வளவில் இருந்து ஓர் இலை

இந்தப் படியை விட்டுவிட்டும் போர்வை தைக்கலாம். ஆனால் பிள்ளைகள் வருடக்கணக்கில் தொட்டுத் தொட்டுப் பார்ப்பது இதைத்தான். அதனால் விடாதீர்கள் என்றே சொல்வேன்.

பிள்ளையை வளவுக்குள் அனுப்பி, தனக்குப் பிடித்த ஓர் இலையைப் பறித்துவரச் சொல்லுங்கள். வேலிப் பூவரசின் இலை மிகப் பொருத்தம். அடியில் உள்வாங்கி, பக்கம் வளைந்து, கூராக முடியும், விளிம்பில் பல் இல்லை. வெற்றிலையும் அப்படித்தான், களுதாவளைப் பக்கம் உள்ளவர்களுக்குத் தேடவே வேண்டாம். செவ்வரத்தை, வேம்பு இலைகளின் விளிம்பு பல்பல்லாக இருக்கும், துணியில் மடிக்க முடியாது. பப்பாசி இலை வேண்டவே வேண்டாம், பிள்ளை எவ்வளவு கெஞ்சினாலும்!

இலை 4 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். சதுரத்தில் தையலுக்கு அரை அங்குலம் போய்விடும், அதற்கு உள்ளேயும் கொஞ்சம் வெறும் இடம் இருந்தால்தான் இலை இலையாகத் தெரியும்.

இலையை மெல்லிய மட்டையில் வைத்துச் சுற்றிவரக் கீறி வெட்டுங்கள். இருட்டு நிறத் துண்டின் பின்பக்கத்தில் அந்த மட்டையை வைத்து, கால் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டுங்கள். இலை காம்பைச் சேரும் உள்வளைவில் மட்டும், மட்டையைத் தொடாமல் ஒரு சிறு வெட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் துணி அந்த இடத்தில் மடியாது. கூடுதலாக விட்ட துணியில் கஞ்சித் தண்ணீரை விரலால் தடவி, மட்டைக்கு மேல் மடித்து அயன் வையுங்கள். நுனியை முதலில் நேராக மடித்து, பிறகு இரு பக்கத்தையும் அதன்மேல் மடித்தால் கூர் நிற்கும். காய்ந்ததும் மட்டையை மெல்ல உருவி எடுங்கள். மட்டையின் வடிவம் துணியில் அப்படியே இருக்கும்.

அந்த இலையை வெளிர்ச் சதுரத்தின் நடுவில் வைத்து, குண்டூசி குத்தி, ஓரமாகச் சின்னச் சின்னத் தையலாகக் கையால் தைக்க வேண்டும். ஆறேழு இலை போதும். சதுரங்களை இணைக்குமுன்பே செய்வது ஏனென்றால், தனிச் சதுரம் பிள்ளையின் மடியில் அடங்கும், பிழைத்தால் அந்த ஒன்றை மாற்றிவிடலாம்.

பத்து வயதுப் பிள்ளைக்கு இந்தத் தையல் வரும். கொஞ்சம் வளைந்துதான் இருக்கும். இரவில் பிள்ளை நித்திரையான பிறகு அதைப் பிரித்துத் திருத்தித் தைக்கும் தாய்மார் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிள்ளைக்குத் தன் தையல் தெரியும். தையல் கழன்றுவிடும்போல இருந்தால் அதைத் தொடாமல் பக்கத்தில் இன்னொரு வரி தையுங்கள்.

ஊசி விடயத்தில் ஒரு வழக்கம் வையுங்கள். தொடங்கும்போது ஊசியை எண்ணிக் கொடுப்பது, முடிக்கும்போது எண்ணி வாங்குவது. “மனே, எத்தனை ஊசி எடுத்த நீ?” என்று கேட்டால் பிள்ளையே எண்ணிச் சொல்லப் பழகிவிடும்.

7. நிலத்தில் அடுக்கிப் பார்த்தல்

சீமெந்து நிலத்தைத் துடைத்து, மின்விசிறியை நிறுத்தி, 48 சதுரத்தையும் பரப்புங்கள். வெளிர், இருட்டு என்று மாறி மாறி வைப்பது பெரியவர் வேலை. எந்த வெளிர், எந்த இருட்டு என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்யட்டும். ஒரே துணி பக்கத்தில் வராமல் பார்த்துக்கொண்டால் போதும். கோடு போட்ட சாரத்துணியின் கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது என்றும் ஒரு தரம் பாருங்கள்.

தள்ளி நின்று கைத்தொலைபேசியில் படம் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறம் போனதும் வெளிரும் இருட்டும் மட்டும் தெரியும். எங்கே இரண்டு இருட்டு சேர்ந்து கட்டியாகத் தெரிகிறதோ, அங்கே மாற்றுங்கள்.

பிறகு ஒவ்வொரு வரிசையின் இடப்பக்க முதல் சதுரத்திலும் இலக்கம் எழுதிய கடதாசியைக் குண்டூசியால் குத்திவிட்டு, வரிசை வரிசையாக இடமிருந்து வலமாக அடுக்கி எடுங்கள். இந்தக் கடதாசி குத்தாமல் சும்மா அள்ளிக்கொண்டு போனவர்கள் எல்லோரும் மறுபடி நிலத்தில் பரப்பியிருக்கிறார்கள்.

8. சதுரங்களை வரிசையாக இணைத்தல்

மெஷினில் ஊசியிலிருந்து சரியாக அரை அங்குலத்தில், தட்டின்மேல் ஒரு துண்டு பிளாஸ்டரை நேராக ஒட்டுங்கள். துணியின் விளிம்பு அந்தப் பிளாஸ்டரை உரசிக்கொண்டே போனால் தையல் அரை அங்குலத்தில் தானாக விழும். கண்ணை ஊசியில் வைக்காமல் பிளாஸ்டரின் விளிம்பில் வைக்க வேண்டும்.

இது ஏன் முக்கியம் என்று கணக்கில் பாருங்கள். ஒரு தையல் அரைக்கால் அங்குலம் கூடிப்போனால் இரண்டு பக்கமும் சேர்ந்து கால் அங்குலம் குறையும். ஒரு வரிசையில் ஐந்து தையல், ஆக ஒன்றேகால் அங்குலம். அடுத்த வரிசை சரியாகத் தைத்திருந்தால் இரண்டும் சேரவே மாட்டா.

இரண்டு சதுரத்தின் நல்ல பக்கங்களை உட்புறமாக வைத்து, ஓர் அங்குலத்துக்குப் பத்துத் தையல் வரும்படி தையுங்கள். முதலில் வெட்டி மிஞ்சிய துண்டில் தைத்துப் பார்த்து நூல் இறுக்கத்தைச் சரிசெய்யுங்கள். ஒரு சோடி முடிந்ததும் நூலை வெட்டாமல் அடுத்த சோடியை வையுங்கள். எல்லாச் சோடியும் சங்கிலியாக வரும், கடைசியில் வெட்டிப் பிரிக்கலாம். நூலும் மிச்சம், மெல்லிய துணியின் தொடக்க முனையை மெஷின் உள்ளே இழுப்பதும் குறையும். வெட்டிப் பிரிக்கும் வேலையில் பிள்ளைகளுக்குக் கொள்ளை ஆசை.

ஒவ்வொரு வரிசையும் முடிந்ததும் அளந்து பாருங்கள். 37 அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தாலோ கூடினாலோ அப்போதே பிரித்துத் தையுங்கள், பிறகு அயன் வைத்து இழுத்துச் சரிபண்ண முடியாது.

9. அயன் பண்ணும் திசையும் வரிசை இணைப்பும்

முதலாம் வரிசையின் தையல் விளிம்புகள் எல்லாவற்றையும் வலப்பக்கம் மடித்து அயன் வையுங்கள். இரண்டாம் வரிசையில் இடப்பக்கம். மூன்றாவது மறுபடி வலம். இப்படி மாறி மாறி மடித்தால், இரண்டு வரிசையைச் சேர்க்கும்போது ஒன்றின் தடிப்பு மற்றதன் தடிப்புக்குப் பக்கத்தில் வந்து உட்காரும், மூலைகள் தானாகப் பொருந்தும். எல்லாவற்றையும் ஒரே பக்கம் மடித்தால் தடிப்பு ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அந்த இடத்தில் ஊசி முறியும்.

அயனைத் தேய்க்காமல் தூக்கித் தூக்கி வையுங்கள். தேய்த்தால் சதுரம் இழுபட்டுப் போகும்.

வரிசைகளை இணைக்கும்போது முதலில் மூலைச் சந்திகளில் குண்டூசி குத்தி, பிறகு நடுவில் குத்துங்கள். எட்டு வரிசையும் சேர்ந்ததும் 37க்கு 49 வர வேண்டும்.

10. மூன்று அடுக்கு

அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி நிலத்தில் விரித்து, மூலைகளைப் பிளாஸ்டரால் நிலத்தோடு ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும், மேளம்போல இறுக்க வேண்டாம். இறுக்கினால் எடுத்ததும் பின்வாங்கிச் சுருங்கும். அதன்மேல் வேட்டி, அதன்மேல் தைத்த மேற்துணியை நல்ல பக்கம் மேலே வைத்து நடுவாக விரியுங்கள்.

நடு அடுக்குக்கு இலவம் பஞ்சோ ஸ்பொன்ஞ்சோ போடலாமா என்று கேட்பார்கள். நம் ஊருக்கு வேண்டாம். பஞ்சு கழுவினால் ஓரிடத்தில் திரளும், மாரியில் காயாது. ஸ்பொன்ஞ் சூட்டை விடாது. ஒரு வேட்டியின் தடிப்பே விடியற்காலைக் குளிருக்குப் போதும்.

இப்போது பெரிய பெரிய தையலாக, வேறு நிற நூலால், நடுவிலிருந்து நாலு பக்கமும் மூலைகளுக்கும் தற்காலிகமாகத் தைத்துப் பிடியுங்கள். கோடுகளுக்கு இடையில் ஒரு கையளவு இடைவெளி. பலர் இதைத் தவிர்த்துக் குண்டூசியோடு நேரே மெஷினுக்குப் போவார்கள். மெஷின் மேல் துணியைத் தள்ளும், கீழ்த் துணியை இழுக்கும், கடைசியில் அடிப்பக்கம் மடிப்பு மடிப்பாக விழுந்திருக்கும். பிள்ளை பக்கத்தில் இருக்கும்போது குண்டூசி கழன்று விழும் ஆபத்து வேறு.

11. ஓட்டுத் தையல்

மூன்று அடுக்கையும் சேர்த்துப் பிடிப்பது இந்தத் தையல்தான். மெஷினிலும் செய்யலாம், ஆனால் கையால் தைக்கவே சொல்வேன். மாலையில் திண்ணையில் இருந்து ஆளுக்கொரு மூலையைப் பிடித்துக்கொண்டு கதைத்துக் கதைத்துத் தைக்கிற வேலை இது. அம்மம்மாவும் சேரலாம், பெரிய தையல் என்பதால் கண்ணுக்கும் கஷ்டமில்லை.

இரட்டை நூல், முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம், நீண்டால் முடிச்சு விழும். இணைத்த கோட்டிலிருந்து கால் அங்குலம் தள்ளி, ஒவ்வொரு தையலும் கால் அங்குல நீளமாக ஓடட்டும். நூல் முடிச்சை மெல்ல இழுத்து நடு அடுக்குக்குள் மறைத்துவிடுங்கள்.

எப்போதும் நடுச் சதுரத்தில் தொடங்கி வெளியே போக வேண்டும். துணியில் இருக்கும் சின்னத் தளர்வு வெளிப்பக்கம் தள்ளுபட்டு ஓரத்தில் போய்விடும், அங்கே வெட்டிவிடலாம். ஓரத்தில் தொடங்கி உள்ளே வந்தால் தளர்வு நடுவில் கூடிப் புடைக்கும், போக வழி இருக்காது. இலை உள்ள சதுரத்தில் இலையைச் சுற்றியும் ஒரு வரி தைத்தால் இலை மேலே எழும்பித் தெரியும்.

12. கரை கட்டுதல்

மேற்துணியின் அளவுக்கே மற்ற இரண்டு அடுக்கையும் நேராக வெட்டிவிடுங்கள். 3 அங்குலப் பட்டியை நெடுக்காக இரண்டாக மடித்து அயன் வையுங்கள். மடித்தபின் ஒன்றரை அங்குலம்.

பட்டியின் வெட்டு விளிம்பைப் போர்வையின் மேற்பக்க விளிம்போடு சேர்த்து, ஒரு பக்கத்தின் நடுவில் தொடங்கி, அரை அங்குலத்தில் தையுங்கள். தொடக்கத்தில் ஒரு சாண் பட்டியைத் தைக்காமல் விடுங்கள். மூலையில் தொடங்கவே கூடாது, முடிச்சு அங்கே வந்து தடித்துவிடும்.

மூலைக்கு அரை அங்குலம் இருக்கும்போது நிறுத்திப் பின்தையல் போட்டு நூலை வெட்டுங்கள். பட்டியை மேல்நோக்கி, போர்வைக்கு வெளியே நேராக மடியுங்கள், மூலையில் சரிவாக ஒரு மடிப்பு விழும். பிறகு அதே பட்டியைக் கீழே கொண்டுவந்து அடுத்த பக்க விளிம்போடு சேருங்கள். இப்போது மேலே உள்ள மடிப்பு போர்வையின் விளிம்போடு சரியாக நிற்க வேண்டும். அந்த விளிம்பிலிருந்தே மறுபடி தைக்கத் தொடங்குங்கள். முதல் மூலையில் குழப்பமாக இருந்தால் ஒரு கடதாசிப் பட்டியை மேசை மூலையில் வைத்து இப்படி மடித்துப் பாருங்கள், உடனே விளங்கும்.

கடைசியில் பட்டியின் முனையை உள்ளே மடித்து, விட்டுவைத்த தொடக்கத்தை அதற்குள் செருகித் தையுங்கள். பிறகு பட்டியைப் பின்பக்கம் திருப்பி, தைத்த கோட்டை மூடும்படி கையால் ஹெம்மிங் செய்யுங்கள். பின்பக்கத்தில் ஊசி அடித்துணியை மட்டும் எடுக்க வேண்டும், மேலே தெரியக் கூடாது.

பின்பக்க மூலையில் பிள்ளையின் பெயரையும் வருடத்தையும் நூலால் எழுதிவிடலாம். தற்காலிகத் தையல்களை உருவும் வேலை பிள்ளைக்கு.

13. காந்தமும் முதல் கழுவலும்

பிள்ளைக்குக் கொடுக்குமுன் போர்வையை நிலத்தில் விரித்து, இரண்டு பக்கமும் காந்தத்தை மெதுவாக நடத்துங்கள். முறிந்த ஊசி முனை, மறந்த குண்டூசி எல்லாம் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு கவனமாகத் தைத்திருந்தாலும் இதை விடக் கூடாது.

கஞ்சி போக, குளிர்ந்த தண்ணீரில் தனியாகக் கழுவுங்கள். முறுக்கிப் பிழியாமல் சுருட்டி அமுக்கித் தண்ணீரை எடுங்கள், முறுக்கினால் கைத்தையல் அறும். ஒரே கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பாரத்தில் நடுத்தையல் இழுபடும், அதனால் இரண்டு கொடியில் பரப்பி, அடிப்பக்கம் மேலே தெரியும்படி நிழலில் காயப்போடுங்கள். கச்சான் காற்றுக் காலத்தில் வெயிலில் போட்டால் கைத்தறியின் சிவப்பு ஒரு கோடையிலேயே வெளிறிவிடும்.

எந்தச் சதுரமாவது பின்னால் கிழிந்தால் அதைப் பிரித்தெடுக்க வேண்டாம். புதிய சதுரம் ஒன்றை அரை அங்குலம் உள்ளே மடித்து அதற்கு மேலேயே வைத்துச் சுற்றிவரத் தைத்துவிடுங்கள். வெட்டி மிஞ்சிய இரண்டு மூன்று சதுரங்களை இதற்காகவே ஒரு பையில் போட்டு அலுமாரியில் வையுங்கள். போர்வையைக் கழுவும்போதெல்லாம் அவற்றையும் சேர்த்துக் கழுவினால் நிறம் ஒன்றாகவே மங்கும், ஒட்டியது தெரியாது.